மூன்று நிமிடம் பேச ஒருத்தி

"மூணு நிமிஷம் பன்னெண்டு செகண்டு," என்று, தெருவுக்கே மனு எழுதிக் கொடுக்கும் மனுக்காரர் கைபேசியில் ஓடிய கடிகாரத்தை நிறுத்தினார். "பன்னெண்டு செகண்டு ஜாஸ்தி. அந்த ஆஸ்பத்திரி விஷயத்தைக் குறைச்சுக்கம்மா. அவன் போனதுக்கு அப்புறம்தான் நம்ம கதையே ஆரம்பிக்குது."

போனவன் அவருடைய கூடப் பிறந்த தம்பி. எதிரே நின்று பேசிக் காட்டிக்கொண்டிருந்தவள் அந்தத் தம்பியின் மனைவி. வீடு மூன்றாவது மாடியில், இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீட்டுவசதி வாரிய வீடு. குடியிருப்போர் சங்கத்தின் ஐந்து ஆண்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நின்றுகொண்டிருந்தவள், அந்த வீட்டில் பதினேழு வருடம் குடித்தனம் நடத்திய அவள் ஒருத்திதான்.

"'நடுத்தெருவுல நிக்கிறேன்'னு சொல்ற இடத்துல கொஞ்சம் மூச்சை நிறுத்து," என்றார் சங்கத் தலைவரான மீன்கடைக்காரர். "அங்க தானா கண்ணு கலங்கும்."

"கலங்கலைன்னா?"

"உனக்குக் கலங்காம வேற யாருக்கும்மா கலங்கும்?"

அவள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். நின்ற இடத்தில் கால் நிற்கவில்லை. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் ஜன்னல் பக்கம் போனாள், திரும்பி வந்தாள்.

"நடக்காத. ஒரே இடத்துல நில்லு," என்றார் மனுக்காரர்.

லாரிகளை எடை போடும் மேடையில் அவளுக்கு வேலை. தெருவில் அவளுக்குப் பெயரே எடைமேடை என்றாகிவிட்டது. லாரி ஏறும், எண் விழும், சீட்டு அடித்துக் கொடுப்பாள். மேலே உட்கார்ந்திருக்கும் டிரைவர்கள் கூடுதல் என்றும் குறைச்சல் என்றும் கத்துவார்கள். "என்கிட்ட கத்தி என்ன ஆகப் போகுது? எண்ணைப் பாருங்க," என்பாள். முப்பது டன் லாரிக்கு முன்னால் குரல் தாழாத பெண், தன் வீட்டுக் கூடத்தில் மட்டும் கடந்த மூன்று மாதமாக எல்லாவற்றுக்கும் "சரி மாமா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் அவளுக்கே அவள் மேல் எரிச்சல் வந்தது.

சும்மா சொல்லக் கூடாது, மனுக்காரர் காரியக்காரர். தபாலாபீசில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். எந்தக் கடிதம் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்று தெரிந்தவர். நாட்டுக்கே சட்டம் போடுகிற மத்திய சபையைத் தெருக்காரர்கள் பெரிய சபை என்பார்கள், மாநிலத்துச் சபையைச் சின்ன சபை என்பார்கள். வீடு கட்டப் பணம் தருவது பெரிய சபை, கட்டின வீட்டில் யார் இருக்கலாம் என்று விதி போடுவது சின்ன சபை என்று அந்தத் தெருவுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். கூட்டமாகப் போய்க் கோஷம் போட்டால் வாட்ச்மேனோடு பேச்சு முடிந்துவிடும் என்பார். ஒரு பக்கத்துக்கு மேல் மனு கூடாது. ஒரு கோரிக்கைக்கு மேல் கூடாது. பாதிக்கப்பட்ட ஆள் ஒருத்தர் முன்னால் நின்று மூன்று நிமிடம் பேச வேண்டும். உறுப்பினர் 'பார்க்கலாம்' என்றால் 'எப்பக்குள்ள?' என்று தேதி கேட்க வேண்டும், அந்தத் தேதியில் போன் செய்ய வேண்டும். இப்படியேதான் ஒழுகின கூரைகளை எல்லாம் மாற்ற வைத்தார். தெருவே அவரைக் கும்பிட்டது. கும்பிட்டதில் தப்பும் இல்லை.

இந்தத் தடவை கோரிக்கை வேறு. வாரிய வீட்டில் யார் பெயரில் வீடு இருக்கிறதோ அவர் இறந்துபோனால், பெயர் மாற்றிக் கொடுக்கப் பதினெட்டு மாதம் ஆகிறது. அதுவரை குழாய் உடைந்தாலும் வாரியம் எட்டிப் பார்க்காது. நடுவில் ஒரு நாள் கதவில் 'காலி செய்' என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போவார்கள். முப்பது நாளில் மாற்றித் தரச் சட்டம் வேண்டும் என்பது மனு. யார் பெயருக்கு? 'குடும்பத்தின் பொறுப்புள்ள ஆண் உறுப்பினர் பெயருக்கு' என்று மனுவில் இருந்தது. அந்த வரியைப் படித்தவர்கள் யாருக்கும் அது ஒரு வரியாகவே கண்ணில் படவில்லை.

அந்தக் கட்டடத்தில் அதற்கு முன் பதினொரு பெண்கள் புருஷனை இழந்திருந்தார்கள். பதினொரு வீடும் மகன் பெயருக்கு, மைத்துனன் பெயருக்கு, ஒரு வீடு மருமகன் பெயருக்கு என்று போயிருந்தது. சிலர் பின்னறைக்குப் போனார்கள். சிலர் சமையலறை ஓரத்துக்குப் போனார்கள். இரண்டு பேர் எங்கே போனார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை. இதற்கெல்லாம் தெருவில் வழங்கிய பெயர் 'பாதுகாப்பு'.

இவளுக்கும் அந்தப் பாதுகாப்புதான் தயாராகிக்கொண்டிருந்தது. மனுக்காரரின் மூத்த மகனுக்கு இரண்டு மாதத்தில் கல்யாணம். கீழ்வீட்டிலிருந்து ஓரகத்தி ஏறி வந்து, கட்டில் எந்தச் சுவரோரம் போடலாம் என்று ஏற்கெனவே அளந்து பார்த்துவிட்டாள். "புள்ளையா குட்டியா உனக்கு? ஒண்டிக்கட்டைக்கு எதுக்கு ரெண்டு ரூமு? சமையலறைப் பக்கம் படுத்தா ஆகாதா?" என்று கேட்டாள். கெட்ட மனசோடு கேட்கவில்லை. கணக்காகத்தான் கேட்டாள்.

கணவன் இறந்த இருபத்திரண்டாம் நாள், மூத்தார் பெயருக்கு வீடு போவதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்ற கடிதத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கினார்கள். சுற்றிலும் உறவுக்காரர்கள் நின்றிருந்தார்கள். பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"ஏன் மாமா, என் பேருலயே மாத்த முடியாதா?"

"சட்டம் இல்லம்மா. பொம்பளை பேருல குடுக்க வாரியத்துல வழியே கிடையாது. இருந்தா நான் விடுவேனா?"

அவர் பொய் சொல்லவில்லை. நம்பியதைச் சொன்னார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஒத்திகைக்கு மறுநாள் காலை ஆறு பேருமாகப் பஸ் ஏறினார்கள். "நல்ல உடுப்பு வேண்டாம், சாயம் போனதா போட்டுக்க," என்று மனுக்காரர் சொல்லியிருந்தார். வழியெல்லாம் அவள் பேச வேண்டியதை வாய்க்குள் ஓட்டிக்கொண்டே வந்தாள். அது அவளுடைய சொந்தக் கதைதான். ஆனாலும் பள்ளிக்கூடத்துப் பாடம் மாதிரி ஒரு இடத்தில் மறந்தது, ஒரு இடத்தில் குழறியது. பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றபோது இறங்கி எங்காவது நடந்தால் தேவலை என்றிருந்தது.

முதலில் பெரிய சபை உறுப்பினரின் ஆபீஸ். வீடுகளைக் கட்டினது அவர்கள் பணம் என்பதால் அங்கே ஒரு பிரதி. டோக்கன் வாங்கி, இரும்பு நாற்காலியில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, உள்ளே போனார்கள். உறுப்பினர் கனத்த மனிதர். ஒரு காது போனுக்கும் ஒரு காது மக்களுக்கும் என்று பிரித்து வைத்திருந்தார். அவள் பேசினாள். 'நடுத்தெருவுல நிக்கிறேன்' என்ற இடம் வந்தது. மூச்சை நிறுத்தினாள். கண் கலங்கிவிட்டது.

போன் மேசைக்குப் போனது. "பாவம். நான் மாநிலத்துக்கு எழுதறேன்," என்றார் உறுப்பினர்.

"எப்பக்குள்ள சார்?" என்றார் மனுக்காரர்.

அங்கேயே கடிதம் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வெளியே வந்ததும் ஐந்து பேருக்கும் கால் தரையில் பாவவில்லை. "ரெண்டு நிமிஷம் அம்பத்தெட்டு செகண்டு. அசத்திட்டம்மா," என்று மீன்கடைக்காரர் தன் செலவில் எல்லோருக்கும் டீ சொன்னார். அவளால் குடிக்க முடியவில்லை. ஒத்திகையில் ஒரு தடவையும் வராத அழுகை அங்கே எப்படி வந்தது? எதற்காக அழுதாள்? தன் வீடு சீக்கிரமாகத் தன் கையை விட்டுப் போக வேண்டும் என்று அழுதிருக்கிறாள். காலி லாரியை மேடையில் ஏற்றிவிட்டு, முழுப் பாரத்துக்குச் சீட்டு அடித்துக் கொடுத்தது போல அவளுக்கு இருந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கும் கடைக்குமாக நடந்தாள்.

மத்தியானம் சின்ன சபை உறுப்பினரின் ஆபீஸ். அவர் மெலிந்த, வயசான மனிதர். பக்கத்தில் கண்ணாடி போட்ட உதவியாளர் அம்மாள் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "மூணு நிமிஷம்," என்றார் உறுப்பினர். அவள் ஆரம்பித்தாள்.

"... என் மூத்தார் பேருக்கு மாத்த பதினெட்டு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் நான்..."

"ஒரு நிமிஷம்," என்று உதவியாளர் நிமிர்ந்தார். "உங்க பேருக்கு ஏன் கேக்கல?"

அவள் மனுக்காரரைப் பார்த்தாள். அவர் சிரித்தபடி முன்னால் வந்தார். "சட்டம் இல்லையேம்மா. அதனாலதானே இவ்வளவு தூரம் வந்திருக்கோம்."

உதவியாளர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து நீல அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்துவந்தார். பக்கத்தைப் புரட்டி, நிறுத்தி நிதானமாகப் படித்தார். "'குடியிருப்புப் பெற்றவர் இறந்தால், அவருடைய மனைவி அல்லது கணவர் தொண்ணூறு நாட்களுக்குள் விண்ணப்பிக்கும் பட்சத்தில், பதினைந்து நாட்களில் அவர் பெயருக்கு மாற்றித் தரப்பட வேண்டும்.' இது வந்து பதினாறு வருஷம் ஆச்சு."

மீன்கடைக்காரர் புத்தகத்தை எட்டிப் பார்த்தார், எழுத்தே தப்பாக இருக்கலாம் என்பது போல.

"அப்புறம் ஏன் பதினெட்டு மாசம் ஆகுது?" என்று அவள்தான் கேட்டாள்.

"முதல் உரிமை உங்களுக்கு. உங்களைத் தாண்டி இன்னொருத்தருக்குக் கொடுக்கணும்னா, நீங்க மனசார விட்டுக் கொடுத்தீங்களான்னு விசாரிக்கணும். அறிவிப்பு போடணும், ஆள் வந்து பார்க்கணும், வேற வாரிசு உண்டான்னு தேடணும். அதுக்குத்தான் அவ்வளவு நாள். நேரா நீங்க கேட்டா பதினஞ்சு நாள்."

உறுப்பினர் சிரித்துவிட்டார். "கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கீங்களே."

ஐந்து பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. நூற்றுக்கணக்கில் மனு எழுதிய கை மனுக்காரருடையது. விதிகளை மாற்றச் சொல்லி எழுதியவர், விதிகளை ஒரு நாளும் படித்துப் பார்த்ததில்லை. வாரியத்து ஜன்னலில் இருந்த ஆள் 'வீட்டு ஆம்பளை யாரு?' என்று கேட்பான், இவர்கள் ஒரு ஆம்பளையைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். பதினொரு வீடு அந்த ஒரு கேள்வியிலேயே கைமாறியிருந்தது. அவர் முகம் கறுத்துப் போனது. அந்த ஒரு நிமிடம் அவரைப் பார்த்தால் யாருக்கும் பரிதாபமாகத்தான் இருந்திருக்கும்.

அந்த நிமிடத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"விதி இருக்கட்டும் சார்," என்றார். "நாங்க கேக்கறது, குடும்பத்துல பொறுப்பான ஆம்பளைக்கு..."

"அப்போ இருக்கிற விதியை எடுக்கச் சொல்றீங்களா?"

"எடுக்கச் சொல்லல சார். 'குடும்பத்தாரோட சம்மதத்தோட'ன்னு ஒரு வரி சேர்க்கச் சொல்றோம்."

இதுவரை தெரியாமல் செய்ததை மனிதர் இப்போது தெரிந்தே செய்தார். அவளுக்கு அது உடனே புரிந்தது. மூன்று மாதமாக எதற்கு என்று தெரியாமல் அடித்துக்கொண்டிருந்த நெஞ்சுக்கு, எதற்கு என்று தெரிந்துவிட்டது.

"உங்க கணவர் தவறி எத்தனை நாள் ஆகுது?" என்று உதவியாளர் கேட்டார்.

"எண்பத்தேழு."

விரல் விட்டு எண்ணாமல் சொன்னாள். மனுவோடு இணைத்திருந்த அந்த ஆட்சேபமில்லைக் கடிதம் மேசைமேல் கிடந்தது. உதவியாளர் அதைக் காட்டி, "இது ஒரிஜினலா? வாரியத்துல கொடுத்தாச்சா?" என்றார்.

"ஒரிஜினல்தான். நாளைக்குக் கொடுக்கறதா இருக்கோம்," என்றார் மனுக்காரர்.

அவள் கையை நீட்டி அதை எடுத்தாள். நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்தாள்.

"அம்மாடி, அது ஃபைல்ல இருக்கணும்."

"என் கையெழுத்துதானே மாமா. என்கிட்டயே இருக்கட்டும்."

உறுப்பினர் கடிகாரத்தைப் பார்த்தார். "நடுவுல நாங்க பேசினதைக் கழிச்சா உங்களுக்கு இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு. வேற ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணே ஒண்ணு சார். இப்போ இவங்க படிச்சதைப் பெரிய எழுத்துல எழுதி, வாரியத்து ஜன்னல்ல ஒட்டச் சொல்லுங்க. எங்க கட்டடத்துல பதினோரு பொம்பளைங்களுக்கு இது தெரியாமலே நாள் தாண்டிப் போச்சு."

"இதுக்குச் சட்டம் எதுக்கு? ஒரு போன் போதுமே. பார்க்கலாம்."

"எப்பக்குள்ள சார்?"

உதவியாளரின் பேனா நின்றது, பிறகு எழுதியது. "வெள்ளிக்கிழமை," என்றார் உறுப்பினர்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் பண்றேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஆண்கள் ஐவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். அவள் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். மனுக்காரர் முழங்கால்மேல் காகிதத்தை வைத்துக் குனிந்து எழுத ஆரம்பித்திருந்தார். "அந்தச் சம்மத விஷயத்தை முதல் வரியிலேயே போடுங்க," என்று மீன்கடைக்காரர் சொன்னது அவள் காதில் விழுந்தது. ரகசியமாகச் சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் ஓரகத்தி மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"நீ பண்ணினது நல்லா இருக்கா? நாலு பேர் முன்னாடி அவரை அவமானப்படுத்திட்டு வந்திருக்க. தம்பி பொண்டாட்டி, தனியா கிடக்கறாளேன்னு பார்த்தா, இடம் கொடுத்தா மடத்தைப் புடுங்குவ போலிருக்கே."

"யார் இடத்தை யாரு கொடுத்தா அக்கா?"

"என் புள்ள கல்யாணம் பண்ணி எங்கடி குடியிருப்பான்? வாரியத்துல புது வீட்டுக்கு எழுதிப் போட்டா ஒன்பது வருஷம் ஆகும்ங்கறான். ஒன்பது வருஷம் அவன் மாடிப்படியிலயா குடித்தனம் பண்ணுவான்?"

அது நியாயமான கேள்விதான். கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தவள் நின்றாள். அன்று பகல் முழுதும் நிற்காத கால்.

"அதுக்குத்தானே அக்கா மனு எழுதணும். புது வீடு கட்டச் சொல்லிப் பெரிய சபைக்கு எழுதச் சொல்லுங்க, நானே முன்னாடி நின்னு பேசறேன். உங்க புள்ளைக்காகப் பேசறேன். என் வீட்டை இன்னொருத்தருக்குக் கேக்க, என்னையே விதவைக் கதை சொல்ல வச்சா எப்படி?"

ஓரகத்தி கட்டில் போட அளந்த சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வந்த கோபம் போய்விட்டதா, மூச்சு வாங்கினதில் மறந்துவிட்டதா தெரியவில்லை. கீழே எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.

"அந்தப் புத்தகத்துல போட்டிருக்குன்னாங்களே, அது எல்லாருக்குமா? இல்ல, புள்ளை இல்லாதவங்களுக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்தான்."

"ரெண்டு புள்ளைங்க இருந்தாலும்?"

"இருந்தாலும் முதல்ல பொண்டாட்டிதான். தொண்ணூறு நாளுக்குள்ள கேக்கணும்."

ஓரகத்தி விரல்களைப் பிசைந்தாள். "அவருக்கு ரெண்டு தடவை நெஞ்சு வலி வந்துடுச்சு. மூத்தவன் இப்பவே, 'நாளைக்கு இந்த வீடு என் பேருக்கு வந்தா சமையலறையை இடிச்சுப் பெருசாக்கணும்'னு பேசறான். எங்க போய் நிக்கப் போறேன்னு நான் அவன்கிட்ட கேக்கல. கேக்க பயமா இருக்கு." குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு நீ போறப்ப எனக்கும் ஒரு விண்ணப்பப் பாரம் வாங்கிட்டு வா. அவருக்குத் தெரிய வேண்டாம்," என்றாள். சொல்லிவிட்டு விடுவிடுவென்று இறங்கிப் போனாள்.

காலையில் வாரியம் திறப்பதற்கு அரை மணி முன்னாலேயே அவள் ஜன்னலில் நின்றாள். எண்பத்தெட்டாம் நாள். உள்ளே வந்து உட்கார்ந்த குமாஸ்தா அவளைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் பார்த்தான்.

"ஆம்பளை யாரும் வரலையா?"

"வரல. மனைவி பேருக்கு மாத்தற பாரம் கொடுங்க. பதினஞ்சு நாள்ல மாறுற பாரம்."

அவன் இழுப்பறையைத் துழாவி, அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தான். பிரிக்காத கட்டு. தூசியை ஊதிவிட்டு ஒன்றை உருவிக் கொடுத்தான். அவள் அங்கேயே பூர்த்தி செய்து, கையெழுத்துப் போட்டு, கணவரின் இறப்புச் சான்றிதழோடு நீட்டினாள். ரசீதில் தேதி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"இன்னொரு பாரம் கொடுங்க."

"தப்பா எழுதிட்டீங்களா?"

"இல்ல. எங்க கட்டடத்துலயே இன்னொரு அம்மாவுக்கு."

குமாஸ்தா இன்னொன்றை உருவி, அதன் மூலையில் குறிக்கப் பேனாவை எடுத்தான். "அந்தம்மா புருஷன் எப்போ தவறினார்?"

"தவறல சார். நல்லா இருக்கார்," என்றாள் அவள். "கீழ்வீட்டுல உட்கார்ந்து மனு எழுதிக்கிட்டிருக்கார்."